ஸ்பிரிங்கை மாற்றும் முன் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுங்கள்

கேள்வி: ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் என்னிடம் இருக்கிறது. பேரலை மடக்கி காக் செய்யும் (உள்ளே ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும்) வகை. தோட்டத்தில் மண்மேடு கட்டி 10 மீட்டரில் அட்டைக்குச் சுடுகிறேன். இப்போது மகளும் பழகுகிறாள். முன்பெல்லாம் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பால்பவுடர் டின்னின் இரண்டு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போகும். இப்போது ஒரு பக்கம் துளைத்து உள்ளேயே கிடக்கிறது. அட்டையிலும் குறி கீழே இறங்குகிறது. ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை, ஒன்றரை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கடையில் காட்டினால், "ஸ்பிரிங் செத்துப்போச்சு, இம்போர்ட்டட் ஸ்பிரிங் போட்டால் புதுசை விட ஜோரா அடிக்கும்" என்று 3,800 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா?
(ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போடாதீர்கள். இப்போதைக்கு அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

"கொஞ்சம் கொஞ்சமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்: காக் செய்யும்போது கரகரக்கும், கைக்கே வித்தியாசம் புரியும். மெதுவாகப் பலம் குறைகிறது என்றால் பெரும்பாலும் எங்கேயோ காற்று கசிகிறது. உங்கள் துப்பாக்கியில் பெல்லட்டைத் தள்ளுவது ஸ்பிரிங் இல்லை, காற்று. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, அந்தக் காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் பேரலுக்குள் போய் பெல்லட்டைத் தள்ளுகிறது. அந்த வழியில் இரண்டு இடத்தில் சீல் உண்டு. ஒன்று பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர். இன்னொன்று பேரலை மடக்கித் திரும்ப மூடும் இடத்தில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். பேரலை மூடும்போதெல்லாம் நசுங்குவது இந்த ஓ ரிங்தான். ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை நசுங்கியிருக்கும்?

சோதிப்பது சுலபம். டிஷ்யூ பேப்பரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பேரலை மூடிய பிறகு அந்த இணைப்பின் மேல் கிடத்துங்கள். பெல்லட் போட்டு, வழக்கம்போல மண்மேட்டைப் பார்த்துச் சுடுங்கள். (பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவே கூடாது. பிஸ்டனுக்கு எதிரே காற்றுமெத்தை இல்லாமல் அது முழு வேகத்தில் போய் முட்டும்.) பேப்பர் சும்மா அதிர்ந்தால் பரவாயில்லை. பறந்துபோனால் கசிவு அங்கேதான்.

போன வருடம் கல்லூரி மாணவர் ஒருவர் இதே புகாரோடு வந்தார். ஏற்கனவே இரண்டு ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. சுட்டுக் காட்டச் சொன்னேன். பேப்பர் துண்டு எகிறி அவர் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டியது. ஓ ரிங்கைக் குண்டூசியால் நெம்பி எடுத்தால், ஒரு பக்கம் தட்டையாகி, பழைய பிரஷர் குக்கர் கேஸ்கெட் மாதிரி கெட்டித்துப் போயிருந்தது. புது ஓ ரிங்கின் விலை ஒரு டீ, வடைக்கு ஆகும் காசுதான். இரண்டு ஸ்பிரிங்குக்கு அவர் கொடுத்த தொகையை இங்கே எழுத எனக்கே மனசு வரவில்லை.

பேப்பர் அசையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பிஸ்டன் வாஷர். இதற்குத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். அதை நீங்கள் செய்யாதீர்கள். காக் செய்யாமல் இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெதுவாகத் தளர்த்தும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் பின்பக்கத்தைக் கழற்றினால் அது முகத்தைப் பார்த்துப் பாயும். கம்ப்ரஸர் வைத்திருக்கும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். வைஸில் பிடித்துத் தட்டிக் கழற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

வாஷர் என்றாலே பிரிக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல துப்பாக்கிகள் பல இதில்தான் வீணாகின்றன. தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் பத்து வருடம் கிடந்தது என்றால் அதில் பிஸ்டன் வாஷர் தோலாக இருக்கலாம். சைக்கிள் பம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பம்பில் காற்று ஏறவில்லை என்றால் வாஷரைத் தூக்கியா போட்டோம்? தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெய் விட்டு விரித்துவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். தேய்ந்திருக்காது, காய்ந்திருக்கும். பேரலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காக் ஆகாத அளவுக்குக் கொஞ்சமாக மடக்கி, அந்தக் காற்றுத் துளையில் ஏர் துப்பாக்கிக்கென்றே விற்கும் சிலிகான் சேம்பர் ஆயிலில் மூன்று சொட்டு விடுங்கள். மூடி, தோளில் வைக்கும் கட்டை கீழே, பேரல் மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து ஒரு ராத்திரி வையுங்கள். ஆயில் இறங்கி வாஷரில் ஊறும். மறுநாள் பத்துப் பதினைந்து சுட்டுப் பாருங்கள். தேறவில்லை என்றால் மட்டும் பிரிக்கலாம். இப்படிப்பட்ட துப்பாக்கி கடைக்குப் போனால், தோலைக் கழற்றிவிட்டு அளவு பொருந்தாத பிளாஸ்டிக் வாஷரைத் திணித்து அனுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அப்போது அந்தத் தோல் வாஷர் எங்கே என்று கேட்டால் குப்பையில் என்பார்கள்.

சைக்கிள் பம்பைச் சொன்னேன் என்பதற்காகத் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவுமே அந்தத் துளைக்குள் போகக் கூடாது. பிஸ்டன் நெருக்கும்போது காற்று நெருப்பாகச் சூடாகும், எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாதே, அதே கணக்கு. சில கடைக்காரர்களின் வித்தையும் இதுதான். வாடிக்கையாளர் முன்னாலேயே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுடுவார்கள். டமார் என்று சத்தம், பேரல் முனையில் புகை, பெல்லட் பலகையில் ஆழமாக இறங்கியிருக்கும். "பாத்தீங்களா பவரை!" அந்தப் பவர் நாலைந்து சூட்டுக்குத்தான். ஐந்தாவதிலிருந்து வாஷர் கருகத் தொடங்கும், ஸ்பிரிங்கும் அடி வாங்கும்.

இம்போர்ட்டட் ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் தளர்வதே இல்லை என்று சொல்லவில்லை. காக் செய்து மணிக்கணக்கில் வைத்திருந்தால் தளரும். ஆனால் சீல் கசியும்போது கெட்டி ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் இன்னும் வேகமாக முட்டும். மூன்று மாதம் ஜோராக அடிக்கும், அப்புறம் இருக்கிற வாஷரும் போகும், ட்ரிக்கர் பல்லும் தேயும். மகள் பழகுகிறாள் என்றீர்களே, காக் செய்யவே அவளால் முடியாது. சட்டமும் இருக்கிறது: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பேரல் துளை 4.5 மி.மீ.க்குள், பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் போனாலே அந்த எல்லை வந்துவிடும். கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையாகவே ஸ்பிரிங்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால், கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைந்த ஸ்பிரிங் தத்தும். அதே மாடல் புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்பதும் தெரியும். பழையதைத் தர மறுக்கிறார் என்றால் அது அடுத்த ஆளுக்கு இம்போர்ட்டட் ஆகப் போகிறது.

டின்னை வைத்துப் பலத்தை அளக்காதீர்கள். டின்னுக்கு டின் தகடு மாறும். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்து சூடு சுட்டுப் பாருங்கள். வேகம் ஒன்றுக்கொன்று தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் சீல் அல்லது பெல்லட். சமயத்தில் பிராண்டு மாறி பெல்லட் லூசாக உட்காருவதே காரணமாக இருக்கும். எல்லாமே ஒரே சீராகக் குறைந்திருந்தால் ஸ்பிரிங் மேல் சந்தேகப்படலாம். விநாடிக்கு 180 மீட்டரிலிருந்து 150க்கு இறங்கினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, ஆனால் ஆற்றலில் சுமார் 30 சதவீதம் போய்விடும். 10 மீட்டரில் குறி கிட்டத்தட்ட 7 மி.மீ. கீழே விழும். ரைஃபிள் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான், ஆகவே இரண்டு மூன்று வளையம் போச்சு. உங்கள் குறி இறங்குவதும் இதனால்தான்.

குரோனோகிராஃபுக்கு எங்கே போவது என்பீர்கள். கிளப்பில் இருக்கும். பீரோவுக்குள் இருக்கும். சாவி செயலாளரிடம் இருக்கும், அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்தால். பத்து ரூபாய் ரப்பரைத் தனியாக விற்காமல் "முழுத் துப்பாக்கியையும் அனுப்புங்கள்" என்கிறது கம்பெனி. அனுப்பப் போனால், கன் என்ற சொல்லைப் பார்த்ததுமே கூரியர்காரர் பார்சலைத் திருப்பித் தள்ளுகிறார். இதற்கெல்லாம் இடையில்தான் 3,800 ரூபாய்க்காரர் பிழைக்கிறார்.

ஆகவே ஓ ரிங்கைத் துப்பாக்கிக் கடையில் கேட்காதீர்கள். பழையதை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்குப் போங்கள். உள்வட்டம், தடிமன் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பள்ளத்தில் உட்கார்ந்தபின் நகக்கண்ணில் தட்டுப்படும் அளவுக்கு மேலே நிற்க வேண்டும். நாலைந்தாக வாங்கி வையுங்கள். எதற்கு என்று கேட்டால் ஸ்ப்ரேயர் பம்புக்கு என்று சொல்லுங்கள்.