கவரில் பணம் பிரித்து வைக்கும் முறை இன்றைக்கும் உதவுமா?

சம்பளம் 20ஆம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது, கவர் முறை கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைகொடுக்கும், ஆனால் எல்லாச் செலவுக்கும் அது வேண்டாம்.

வாடகை, கடன் தவணை இரண்டும் மாறாத தொகை. அவை வங்கியிலிருந்தே போகட்டும். கை நழுவுகிற செலவுகளுக்குத்தான் கவர்: காய்கறி, மளிகை, வெளிச் சாப்பாடு, பெட்ரோல், மொய். சம்பளம் வந்த அன்றே பணத்தை எடுத்து, ஒவ்வொரு கவர் மேலும் தொகையை எழுதி வையுங்கள். காய்கறிக் கவரை மட்டும் வாரக் கணக்கில் பிரிப்பது நல்லது. எங்கள் வீட்டில் முதல் மாதம் 3,000 ரூபாயை ஒரே கவரில் வைத்தோம். 17ஆம் தேதியே காலி. வாரத்துக்கு 700 என்று பிரித்து, மீதி 200ஐக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு ஒதுக்கிய பிறகுதான் கட்டுக்குள் வந்தது.

பலர் சறுக்குவது மின்கட்டணத்தில். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பில் வராத மாதமும் பாதியை எடுத்து வைக்காவிட்டால், அடுத்த மாதம் மளிகைக் கவரில் கை வைக்க வேண்டிவரும். மொய்யும் அப்படித்தான்: ஆடியில் மிஞ்சுவதைத் தொடாதீர்கள், ஆவணி முகூர்த்தங்களுக்கு வேண்டும்.

ரொக்கம் ஒத்துவராது என்றால், யூபிஐ செயலியில் சிறு செலவுகளுக்கெனத் தனியாகப் பணம் போட்டு வைக்கும் யூபிஐ லைட்டை ஒரு கவராக வைத்துக்கொள்ளலாம். தானாகப் பணம் நிரப்பும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கவர் தீர்ந்ததே உங்களுக்குத் தெரியாது.