கலைத்துப் போட்டாலும் 2.4 பிட் வருகிறதா? உங்கள் நிரலில் (code) தப்பில்லை

8 தூண்டல்கள், ஒவ்வொன்றுக்கும் 20 ட்ரையல் (ஒவ்வொரு முறை தூண்டிப் பதிவதும் ஒரு ட்ரையல்), 100 மில்லி செகண்டை 10 பின்னாக (bin, சம அளவு நேரத் துண்டு) பிரித்து நியூரானின் ஸ்பைக் (மின்துடிப்பு) வரிசையில் தூண்டலைப் பற்றி 2.6 பிட் தகவல் கிடைத்தது, ஆனால் தூண்டல் பெயர்களைக் கலைத்துப் போட்டாலும், கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டிய இடத்தில், 2.4 வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் இதே இடத்தில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன்தான்.

10 பின், ஒவ்வொன்றிலும் ஸ்பைக் உண்டா இல்லையா என்றால் 1024 விதமான வரிசைகள் வரலாம், உங்களிடம் இருப்பதோ மொத்தம் 160 ட்ரையல். ஒவ்வொரு ட்ரையலும் வேறு எதைப்போலவும் இல்லாத ஒரு வரிசையைத் தந்துவிட்டால் கணக்குக்கு என்ன தோன்றும்? வரிசையைப் பார்த்தாலே எந்தத் தூண்டல் என்று தெரிந்துவிடுகிறதே என்று நினைத்து முழுசாக 3 பிட்டைக் கொடுத்துவிடும், அது வெறும் இரைச்சலாக இருந்தாலும்.

முதலில் பின்னை 25 மில்லி செகண்ட் ஆக்குங்கள். 16 வரிசைதான். இப்போது பொய்யாக ஏறும் அளவு தோராயமாக (8−1)(16−1)ஐ 2×160×0.693ஆல் (0.693 என்பது 2இன் இயல் மடக்கை, ln 2) வகுத்தது, அதாவது 0.47 பிட். இதைக் கழிக்கலாம், ஆய்வாளர்கள் பன்செரியும் ட்ரெவ்ஸும் 1996இல் தந்த திருத்தம் இந்த வழிதான், வராத வரிசைகளையும் கணக்கில் எடுப்பதால் இன்னும் நுணுக்கமானது. ஆனால் 1024 வரிசையை வைத்துக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள், அபத்தமான எண் வரும்.

கலைத்து வந்ததை நேரடியாகக் கழிப்பதும் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே கழிந்துவிடும். அப்புறம், ட்ரையலில் பாதியை மட்டும் எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண் குதித்தால் டேட்டா இன்னும் போதவில்லை.