எஸ்.டபிள்யூ.ஆர். 1.1, ஆனால் சென்னை கேட்கவில்லை
வானலைப் பகுதி: அமெச்சூர் ரேடியோ வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் கிடைமட்ட ஒயர் ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1. பகலில் ஜோகனஸ்பர்க் பளிச்சென்று கேட்கிறது. ராத்திரி 100 வாட் போட்டும் சென்னைக்கு எட்டவில்லை. பவரைக் கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா? வீட்டுப் பின்புறம் சின்ன இடம்தான் இருக்கிறது.
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: வேண்டாம். 100 வாட்டை 400 ஆக்கினால் எதிர்முனையில் ஏறுவது 6 டெசிபல், ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு எஸ் புள்ளி. உங்கள் குறை பவரில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் டைபோல் அலையை நேர் மேலே அனுப்புகிறது. சுமார் 500 கி.மீ. தள்ளி இருக்கும் ஜோகனஸ்பர்குக்கு அதுதான் தேவை, அதனால்தான் அங்கே பளிச்சென்று போகிறது. சென்னை வடகிழக்கே ஏறத்தாழ 7,100 கி.மீ. அலை வானத்து அயனி அடுக்கில் பட்டுத் திரும்பித் திரும்பி இரண்டு தாவலாவது தாவ வேண்டும், அதற்கு அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணம் வேண்டும். டைபோலில் அது கிடைக்க அரை அலைநீளம், அதாவது 21 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். சாட்ஸ்வர்த்தில் அது நடக்கிற காரியமில்லை.

ஆகவே டைபோலை ஜோகனஸ்பர்குக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் தாழ்ந்த கோணத்தில் அனுப்பும் கால் அலைநீள நெடுக்கு ஆன்டெனா ஒன்று நிறுத்துங்கள். 10 மீட்டர் ஃபைபர்கிளாஸ் கழி அல்லது நேரான மூங்கில் போதும். 71.25-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு 10.04. பிளாஸ்டிக் உறை போட்ட வீட்டு ஒயர் கொஞ்சம் கீழே ஒத்திசையும். 10.2 மீட்டரில் தொடங்கி, மீதியை உச்சியில் மடக்கிக் கட்டி, சிறிது சிறிதாக நறுக்குங்கள். 10 செ.மீ. குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும்.

அடியில் ரேடியல்கள், அதாவது ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலாபக்கமும் தரையில் பரப்பும் ஒயர்கள். இங்கேதான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். கையில் 64 மீட்டர் ஒயர் இருந்தால் 10 மீட்டரில் ஆறு போடுவதைவிட 4 மீட்டரில் 16 போடுவது மேல். சின்ன இடத்துக்கும் அதுவே பொருந்தும். நீளம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. புல்லோடு புல்லாக அழுத்தி, வளைத்த கம்பி முளைகளால் பிடித்து வையுங்கள். சில வாரங்களில் புல் மூடிவிடும். ரேடியோவிலிருந்து கோஆக்ஸ் கேபிள் வந்து சேரும் இடத்தில், 61 மி.மீ. விட்டமுள்ள 31 ரக ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று சுற்றுங்கள். இல்லையென்றால் கேபிளின் வெளிப்பின்னலும் ஒரு ரேடியலாகிவிடும், வீட்டு இரைச்சலை ரிசீவருக்குள் கொண்டுவரும்.

இனி அந்த 1.1 பற்றி. நல்ல தரை அமைப்பு உள்ள கால் அலை ஆன்டெனா சுமார் 36 ஓம் காட்டும், 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. நான்கே ரேடியல் போட்டுவிட்டு 55 ஓம் பார்த்தீர்கள் என்றால், அதில் 19 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது. பவரில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், மீட்டரோ 1.1 என்று சிரிக்கும். ரேடியல் கூட்டக் கூட்ட எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறினால் பதறாதீர்கள், நல்ல சகுனம் அது. எந்த ஆன்டெனா ட்யூனராலும் மண்ணில் போனதைத் திருப்பித் தர முடியாது; அலையே அனுப்பாமல் பவரைச் சூடாக்கி விழுங்கும் டம்மி லோடுக்கும்தான் எஸ்.டபிள்யூ.ஆர். 1.0.

நேரமும் பார்க்க வேண்டும். இரு முனையும் இருட்டில் இருக்க வேண்டும். ஜூனில் டர்பனில் மாலை 5 மணி சுமாருக்குச் சூரியன் மறையும்போது சென்னையில் இரவு எட்டரை, அங்கே ஆட்கள் விழித்திருப்பார்கள். இன்னொரு நல்ல வேளை சென்னை விடியலை ஒட்டி; அது பருவத்துக்கேற்ப நம் நேரப்படி அதிகாலை இரண்டேகாலிலிருந்து மூன்று மணிக்குள் வரும். எழுந்திருக்க மனசு வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 80 மீட்டர் பேண்டில் எப்போதும் சிக்னல் மீட்டரில் எஸ் 9 வரை இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சூரிய மின் தகடுகளோ பேட்டரி இன்வெர்ட்டரோ இருந்தால் அவற்றின் ஸ்விட்சையும் சேர்த்து. இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுப் பிடியுங்கள். மின்வெட்டுக்குப் பயந்து மாட்டிய இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர், மலிவான எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர்: பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவர். அதன் ஒயர்களை, உள்ளே போவது வெளியே வருவது இரண்டையும், 31 ரக வளையத்தில் 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். கிளிப் போல மாட்டும் ஃபெரைட் ஒன்றைக் கவ்வ வைத்தால் 80 மீட்டரில் ஒன்றும் நடக்காது.

விழவில்லை என்றால் பக்கத்து வீடு. அங்கே போய்ச் சண்டை போடுவதற்கு முன், 1 மீட்டர் விட்டமுள்ள லூப் (வளைய ஆன்டெனா) ஒன்றைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் முகத்தை இரைச்சல் வரும் பக்கம் திருப்பினால் அது அமுங்கும்.

கேள்வி: கோடையில் 80 மீட்டர் படபடவென்று வெடிக்கிறது. ஃபில்டர் உண்டா?
– வாசகர், லெனேசியா, ஜோகனஸ்பர்க்

பதில்: இல்லை. அது உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் இடி மின்னல். அக்டோபர் முதல் மார்ச் வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தூர நாடுகளுக்கு ஜூன், ஜூலை இரவுகளை வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் கோஆக்ஸை ரேடியோவிலிருந்து மட்டுமல்ல, சுவருக்கு வெளியேயே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்த பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுகிறது, வெயில் அடித்தால் இறங்குகிறது.
– வாசகர், இசிப்பிங்கோ

பதில்: கனெக்டருக்குள் தண்ணீர். கடற்கரை உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். கனெக்டரை வெட்டி எறிந்து பின்னலைப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருக்கும் இடம்வரை நறுக்குங்கள்; 1 மீட்டர் தள்ளியும் கறுப்பாகவே இருந்தால் கேபிளையே மாற்றுங்கள். புதிய கனெக்டரில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண கறுப்பு டேப். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பூசாதீர்கள். அந்த அமிலம் செம்பை அரிக்கும். கனெக்டருக்குக் கீழே கேபிளில் ஒரு தொங்கு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.