பல வருடங்களுக்குப் பிறகு கத்தோலிக்கக் கோயிலில் ஓகன் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பயம் போகாது, வாசிக்கத் தொடங்கினால் குறையும். எனக்கு அப்படித்தான்.

நான் பழகினது கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், ரெண்டு காலாலும் மிதிச்சு வாசிக்கிற பழைய ஓகனில. சண்டைக் காலத்தில எங்கட பக்கம் கரண்ட் இல்லை, பற்றரியும் தடை செய்த சாமான். காத்தடிச்சு வாசிக்கிற பெட்டிதான் உதவும். 2008 கடைசியில இடம்பெயரேக்க ட்ராக்டரில அரிசி மூட்டைக்கே இடமில்லை, ஓகனை ஆர் ஏத்துறது? திரும்பி வந்து பார்த்தால் கோயிலுக்குக் கூரையே இல்லை. பிறகு வீடு, பிள்ளையள் எண்டு காலம் போட்டுது. வாசிச்சுக்கொண்டிருந்த பெடியன் வெளிநாடு போனாப் பிறகுதான் பாதர் என்னட்ட வந்தார். "அக்கா, பாஸ்காவுக்கு நீங்கள்தான்." பாஸ்கா எண்டால் உயிர்ப்புத் திருநாள்.

இப்ப இருக்கிறது யமஹா ஓகன். முதல் பயிற்சியில என்ர கால் சும்மா நிக்கேல்லை. மிதிக்க ஒண்டுமில்லாத இடத்தில செருப்பு சீமெந்தை உரசிக்கொண்டே இருந்தது, கொயர் பிள்ளையள் குனிஞ்சு பார்த்துச் சிரிச்சினம். பழைய பெட்டியில சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையில பாதி காலுக்குத்தான். அது பழகி வரக் கொஞ்ச நாள் எடுக்கும், விடுங்கோ.

விரல் மறக்காது. சனத்தோட சேர்ந்து மூச்சு விடுறதுதான் மறந்து போகும். பியானோவில ஒலி தானா அடங்கும். ஓகனில விரலை எடுக்கும் மட்டும் நிக்கும். அதால விரலை எடுக்கிற இடம்தான் சனம் மூச்செடுக்கிற இடம். ஒவ்வொரு வரி முடிவிலயும் கையை முழுசா எடுங்கோ. இழுத்துப் பாடுற ஆச்சிமாருக்காகக் காத்து நிக்க வேண்டாம், நிண்டால் இன்னும் இழுப்பினம். சுருதியையும் முதலே பாருங்கோ. கொயர் பிள்ளையளுக்குச் சரியா இருக்கிற உயரம் பின் வாங்கில இருக்கிற ஆம்பிளையளுக்கு எட்டாது, அவை வாயை மூடிக்கொண்டு நிப்பினம். சுருதியை ஏத்தி இறக்கிற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, வெட்கப்படாமல் அமத்துங்கோ.

சாதாரண நாள் பூசையில தொடங்குங்கோ எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நான் மாறித்தான் சொல்லுவன். பத்துப் பேர் இருக்கிற பூசையில ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக் கேட்கும். திருநாளில சனத்தின்ர குரல் உங்களை மூடிவிடும். உண்மையில நீங்கள் தனிய நிக்கிறது பாட்டுக்கு முன்னால வாற அந்த ரெண்டு வரி முன்னிசையில மட்டும்தான். வீட்டில அதை மட்டும் திருப்பித் திருப்பி வாசியுங்கோ, மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொள்ளும்.

பாஸ்கா இரவில கஷ்டம் காத்திருக்கிறதுதான். பெரிய வியாழன் பூசையில 'உன்னதங்களிலே' எண்ட புகழ்ச்சிப் பாட்டோட மணி நிண்டுபோகும். அதுக்குப் பிறகு ஓகனும் தனிய ஒலிக்கிறதில்லை, பாட்டுக்குத் துணையா மட்டும் வாசிக்கலாம். எங்கட கோயிலில அதுவும் இல்லை, வெறுங்குரல்தான். சனிக்கிழமை இரவு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முழுக்க வாசிச்சால் ஏழு. குறைச்சாலும் செங்கடலைக் கடக்கிற வாசகத்தை விட ஏலாது. அவ்வளவு நேரமும் மெழுகுதிரியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன், கை வேர்த்து வழிஞ்சுது. பாதர் 'உன்னதங்களிலே' எண்டு எடுத்த உடன பீடத்து மணி, கோபுர மணி, லைட் எல்லாம் ஒண்டா. நான் சேர்த்து அமத்தின முதல் சுரங்கள் எனக்கே கேட்கேல்லை. ரெண்டாவது வரியில சனத்தின்ர குரல் எழும்பி வந்து கைக்குக் கீழ நிண்டுது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, கை மட்டும் நிக்கேல்லை.

நற்கருணைப் பாட்டுக்கு மட்டும் ஒரு ஆயத்தம் வேணும். சனம் நற்கருணை வாங்கிற வரிசை எப்ப முடியும் எண்டு தெரியாது, எந்தச் சரணத்திலயும் நிப்பாட்டப் பழகுங்கோ. பாதரைப் பார்க்கிற மாதிரி ஓகனைத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ.

எப்ப வாசிக்கப் போறீங்கள் எண்டு எழுதேல்லை. தவக்காலம் எண்டால் உங்களுக்கு லேசு. பாட்டுக்குத் துணை மட்டும்தான், தனி வாசிப்பு இல்லை. நாலாம் ஞாயிறும் பெருவிழாக்களும் திருநாள்களும் மட்டும் விலக்கு. அந்த நாளில பாதர் திடீரெண்டு கேட்டாலும் கேட்பார், ஒரு துண்டை முன்னமே பழகி வையுங்கோ.