பேஸ்மென்டில் கஞ்சா, மேலே மணம்

கனடாவில் 2018 அக்டோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானதிலிருந்து, மூச்சுச் சிகிச்சை வேலை பார்க்கும் என்னிடம் ரொறன்ரோத் தமிழர்கள் கேட்பது பக்கத்து வீட்டுப் புகையைப் பற்றித்தான். இந்த முறை வந்தவை இவை.

ஸ்காபரோ அம்மா ஒருவர்: அக்கா, எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற பெடியன் இரவில் கஞ்சா பத்துகிறான். மேலே மகளின் அறை முழுக்க மணம். நாலு வயதுப் பிள்ளைக்கு வெறிக்காதா?

வெறிக்காது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு பேரைச் சின்ன அறையொன்றில் ஒரு மணி நேரம் புகைக்கவிட்டு, புகைக்காத ஆறு பேரைக் கூடவே உட்கார வைத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. காற்றோட்டத்தை நிறுத்தியபோது புகைக்காதவர்களுக்கும் லேசாகக் கிறங்கியது. காற்றோட்டம் இருந்தபோது பசிதான் கொஞ்சம் கூடியது. உங்கள் மகளின் அறை அந்தப் பெட்டி அல்ல.

ஆனால் வெறியை விட்டுவிட்டுப் புகையைப் பாருங்கள். எந்த இலையை எரித்தாலும் நுண்துகளும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். கலிபோர்னியாவில் எலிகளை ஒரே ஒரு நிமிடம் கஞ்சாப் புகையில் வைத்தார்கள்; இரத்தக் குழாய்கள் விரியும் திறன் ஒன்றரை மணி நேரம் கழித்தும் திரும்பவில்லை. சிகரெட் புகையில் அரை மணியில் திரும்பியது. கஞ்சாவில் வெறியேற்றும் பொருளான டிஎச்சி இல்லாத கஞ்சாவை எரித்தபோதும் அதே கதை. கொலராடோவில் மூச்சுக்குழல் அழற்சியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளில் ஆறில் ஒருவருடைய சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருந்தது.

இனி வழியைக் கண்டுபிடியுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வீட்டைச் சூடாக்குவது ஒரே ஃபர்னஸ் தானே? அது ஓடும்போது பேஸ்மென்டில் காற்றை உள்ளே இழுக்கும் ரிட்டர்ன் துவாரத்தில் ஒரு டிஷ்யூவைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால், அவன் விடும் மூச்சு உங்கள் மகளின் வென்ட் வழியாக ஏறுகிறது. நீங்களாகவே துவாரத்தை அடைக்க வேண்டாம், ஃபர்னஸ் திணறும். வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, மேலுக்கும் கீழுக்கும் காற்றுவழியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவனோடு கதையுங்கள். பின்வளவில் நின்று பத்தச் சொன்னால் பெரும்பாலான பெடியங்கள் கேட்பார்கள்.

மார்க்கத்திலிருந்து ஒருவர்: சாம்பிராணி போட்டால் போகுமா?

மணம் மறையும், புகை இரட்டிக்கும். ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். மணத்துக்குக் கரி ஃபில்டரும் வேண்டும். இரண்டும் கதவைத் திறந்து வைத்தால் வீண்.

அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டும் தம்பி: நண்பனின் காரில் மற்றவர்கள் புகைத்தார்கள். நாளை மறுநாள் சிறுநீர்ச் சோதனை. மாட்டுவேனா?

மாட்ட வாய்ப்பு மிகக் குறைவு. மேலே சொன்ன ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், காற்றோட்டமே இல்லாத அறையில்கூடச் சிறுநீர்ச் சோதனையின் எல்லையான மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமைத் தாண்டியது அரிது, அதுவும் முதல் சில மணி நேரத்தில்தான். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், "கூட இருந்தவன் புகைத்தான்" என்ற கதையை முடிவைச் சரிபார்க்கும் டாக்டர் ஏற்க மாட்டார். அடுத்த முறை கண்ணாடியை இறக்கிவிடு. இல்லாவிட்டால் நீயே இறங்கிவிடு.

ஏஜாக்ஸ் தங்கை: என் அண்ணா புகைப்பதில்லை, கஞ்சா கலந்த "கம்மி" மிட்டாய்தான் சாப்பிடுகிறான். அப்போ வீட்டுக் குழந்தைக்குப் பிரச்சினை இல்லைத்தானே?

புகையால் இல்லை. பாக்கெட்டை எங்கே வைக்கிறான் என்று கேளம்மா. கனடாவில் ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே அதிகம். மிட்டாய் என்று வாயில் போட்டால் எழுப்ப முடியாத தூக்கம், சில நேரம் மூச்சுத் தடுமாற்றம். பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல். குழந்தை தின்றுவிட்டால் காத்திருக்காமல் 911.