கடையில் சிவப்பு, வீட்டில் வெளிறல்: லைட்டை மாத்த முதல்

தம்பி, கிளிநொச்சிக் கடையில் செக்கச்செவேலெண்டு நிண்ட செரி பார்ப் மீன், உங்கட ரெண்டடி மீன்தொட்டிக்கு வந்ததும் வெளிறிப் போச்சு, ஊதா லைட் வாங்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். அவசரப்பட்டு வாங்காதேங்கோ. அதுக்குக் கீழ சிவப்பு தூக்கலாத் தெரியும், ஆனா செடியெல்லாம் கருகினமாதிரி இருக்கும். கன கடையில் இளஞ்சிவப்பு லைட்தான் எரியும். நீங்கள் பாத்த சிவப்பில் பாதி அதாகவும் இருக்கலாம்.

முதல்ல மூடிக் கண்ணாடியைக் கழட்டிப் பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி காய்ஞ்சு வெள்ளைக் கறை படிஞ்சிருக்கும். என்ர தொட்டியில் அதை வினாகிரியால் துடைச்ச அண்டைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

அடுத்தது லைட் இருக்கிற இடம். நியோன் டெட்ரா மாதிரி மீன் வச்சிருந்தா, அதின்ர நீலக்கோடு சாயமில்லை, ஒளி பட்டுத் தெறிக்கிற நிறம். லைட் பின்பக்கம் இருந்தா மீன் நிழலாத்தான் தெரியும். முன் கண்ணாடிப் பக்கம் நகர்த்துங்கோ. போன் டோர்ச்சை உங்கட பக்கத்தில இருந்து ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ, கோடு பத்தி எரியிறமாதிரி மின்னினா லைட் இருந்த இடம்தான் பிழையெண்டு விளங்கும்.

செரி பார்ப்பின்ர சிவப்பு வேற கதை. அது எங்கட நாட்டுத் தென்மேற்கு ஓடைகளின்ர மீன், நிழலில வாழுறது. வெள்ளை மணலும் கடும் வெளிச்சமும் இருந்தா நிறத்தை அடக்கிப் போடும். கறுப்புச் சல்லி போட்டு, பின்னால கறுப்பு மட்டை ஒட்டி, கொஞ்சம் மிதக்கிற செடியும் விடுங்கோ. ஆண்மீன்தான் அப்பிடிச் சிவக்கும், பெண்மீன் மங்கல்தான்.

பிறகும் லைட் வாங்கோணுமெண்டா 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 90க்கு மேல பாத்து எடுங்கோ. நாளுக்கு 8 மணித்தியாலம் தாராளம், கூடினா பாசி பிடிக்கும்.