பூடகக் குறுக்கெழுத்துக் குறிப்பு என்றால் என்ன? விடைகளை வைத்துக் கதை எழுதுவது எப்படி?

சாதாரணக் குறிப்பு பொருளை நேராகக் கேட்கும். பூடகக் குறிப்பு அதே விடைக்கு இரண்டு வழி காட்டும்: ஒரு ஓரத்தில் விடையின் பொருள், மிச்சத்தில் அந்தச் சொல்லைச் செய்யும் முறை. "பூச்சிக்குப் பின் சாலை போகும் மஞ்சள் ஊர் (3)" என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி என்றால் ஈ, சாலை என்றால் ரோடு, சேர்த்தால் மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஈரோடு. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடைக்கு எத்தனை கட்டம் என்ற எண்; தமிழில் உயிரெழுத்தும் ஒரு கட்டம், உயிர்மெய்யும் ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்தும் ஒரு கட்டம், அதனால்தான் மூன்று.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? விடை சரிதானா என்று குறிப்புக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்காகத்தான். நம்ம பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, வெளியே நிற்பவருக்குத் துண்டு மட்டும்தான் தெரியும், பேரம் உள்ளே நடக்கும், இதுவும் அப்படித்தான்.

கதைக்கு வருவோம். ஈரோடு, தவில், கடன் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விடைகள் கிடைக்கும், அந்த ஒட்டாமைதான் கற்பனையைக் கிளறும். கல்யாணத்துக்குத் தவில் வாசிக்க ஈரோடு போனவர் ஏன் கடனோடு திரும்பினார்? கேள்வி பிறந்துவிட்டது, அப்புறம் கதை தானாக நகரும். விடையை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதென்றால் அது வெறும் திணிப்பு, என்னைக் கேட்டால் அதற்கு எழுதாமலே இருக்கலாம்.

இதற்கெல்லாம் பெரிய தமிழ்ப் புலமை வேண்டும் என்று பலர் ஒதுங்குகிறார்கள். மேலே வந்த ஈயும் ரோடும் யாருக்குத் தெரியாது?